வீடியோ நடுவில் நின்று சுற்றுகிறதா? கோளாறு இருக்கும் இடத்தை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்

போன தீபாவளிக்கு மதுரையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரிச் சாப்பாடு முடிந்து எல்லோரும் படம் பார்க்க உட்கார்ந்தோம். கால் மணி நேரம்கூட ஓடவில்லை, திரை நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. “மூணு மாசமா கூடக் காசு கட்டி ஸ்பீடை ஏத்தியிருக்கேன் தம்பி. அப்பவும் இப்படித்தான் சுத்துது” என்றார் அக்கா. 50 எம்பிபிஎஸ் திட்டத்தை 150 ஆக மாற்றியிருந்தார். ரவுட்டர் எங்கே என்று கேட்டேன். வாசல் பக்கம் மர அலமாரிக்குள், பழைய ஆல்பங்களுக்கும் ஒரு இரும்புப் பெட்டிக்கும் நடுவில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். வயரும் விளக்குமாகப் பார்க்க நன்றாக இல்லை என்று உள்ளே தள்ளிவிட்டார்களாம். அதை எடுத்து அலமாரியின் மேல் வைத்தேன். டிவி பிடித்திருந்த வைஃபை பெயரையும் மாற்றிக் கொடுத்தேன். படம் முடியும்வரை ஒரு தடவைகூட நிற்கவில்லை. அடுத்த மாதமே அக்கா பழைய 50 திட்டத்துக்குத் திரும்பிவிட்டார்.

வீடியோ நின்றால் நமக்கு முதலில் நெட் கம்பெனி மேல்தான் கோபம் வருகிறது. அடுத்து, பெரிய திட்டமாக மாற்றலாமா என்று தோன்றுகிறது. நான் போய்ப் பார்த்துக் கொடுத்த வீடுகளில் பாதிக்கு மேல் கோளாறு வீட்டுக்குள்ளேயே, ரவுட்டருக்கும் டிவிக்கும் நடுவில் இருக்கும் அந்த இருபது முப்பது அடியில்தான் இருந்தது. அதனால் காசு செலவழிக்கும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி, கோளாறு எந்த இடத்தில் என்று கண்டுபிடியுங்கள். கையில் ஒரு போன் இருந்தால் போதும்.

வட்டம் ஏன் சுற்றுகிறது

ஆன்லைன் படம் ஒரே கோப்பாக வருவதில்லை. சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் மங்கலான தரத்திலிருந்து 4கே வரை பல தரங்களில் சர்வரில் இருக்கும். உங்கள் டிவியில் உள்ள ஆப், நெட் வருகிற வேகத்தைப் பார்த்து, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்கலாம் என்று தானே முடிவு செய்கிறது. திடீரென்று படம் மங்கலாகிப் பிறகு தெளிவாவது இதனால்தான். ஓடிக்கொண்டிருக்கும் இடத்துக்கு மேல் கொஞ்சத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளவும் செய்யும். அதற்குப் பெயர்தான் பஃபர்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் கீழே குழாயில் தண்ணீர் சீராகத்தான் வரும். தொட்டி வற்றினால்தான் குழாய் நிற்கும். வீடியோவும் அப்படியே. எனவே வேகம் எவ்வளவு என்பதோடு, வேகம் விடாமல் வருகிறதா என்பதும் முக்கியம். 100 எம்பிபிஎஸ் லைன் என்றாலும், நடுநடுவே அரை நிமிடம் ஒன்றுமே வராமல் நின்றால் தொட்டி வற்றிவிடும். 10 எம்பிபிஎஸ் லைன் சீராக வந்தால் முழுப் படமும் நிற்காமல் ஓடும்.

உண்மையில் வீடியோவுக்கு எவ்வளவு தேவை? 1080பி தரத்துக்கு 5 எம்பிபிஎஸ் போதும் என்றுதான் நெட்ஃபிளிக்ஸும் யூடியூபும் சொல்கின்றன. 4கே என்றால் நெட்ஃபிளிக்ஸ் 15 கேட்கிறது, யூடியூப் 20. ஆக, ஒரே நேரத்தில் இரண்டு டிவியில் 4கே ஓடினாலும் 50 எம்பிபிஎஸ் திட்டத்தில் மிச்சம் இருக்கும். இங்கே ஒரு சின்னக் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். திட்டத்தில் போட்டிருக்கும் எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு இத்தனை மெகாபிட். கோப்பு இறங்கும்போது கம்ப்யூட்டர் காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 100 எம்பிபிஎஸ் லைனில் விநாடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். அதைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

முதலில் எதையும் தொடாமல் கவனியுங்கள்

சுற்றும்போது மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ஆப்பில் மட்டும்தான் சுற்றுகிறதா? அப்படியானால் உங்கள் லைன் நன்றாக இருக்கிறது. அந்த ஆப்பிலோ அவர்கள் சர்வரிலோதான் சிக்கல். டிவியில் மட்டும் சுற்றி, அதே இடத்தில் போனில் நன்றாக ஓடுகிறதா? டிவியைப் பாருங்கள். பகலெல்லாம் நன்றாக ஓடி, இரவு எட்டு மணிக்கு மேல் மட்டும் சுற்றுகிறதா? அது கம்பெனி லைனில் நெரிசலாக இருக்கலாம், அல்லது பக்கத்து வீடுகளின் வைஃபை எல்லாம் ஒன்றாக விழித்துக்கொள்ளும் நேரமாக இருக்கலாம். எது என்று அடுத்த அளவெடுப்பில் தெரிந்துவிடும்.

அளவெடுக்கும் முன் ரவுட்டரை ஒரு தடவை முறையாக அணைத்துப் போடுங்கள். சுவிட்சை அணைத்து, அரை நிமிடம் பொறுத்துப் போட வேண்டும். ஃபைபர் பெட்டியும் வைஃபை பெட்டியும் தனித்தனியாக இருந்தால் ஃபைபர் பெட்டியை முதலில் போட்டு, விளக்கு நிலைத்த பிறகு மற்றதைப் போடுங்கள். மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடுகிற பெட்டி இது. பல நேரம் இதிலேயே சரியாகிவிடும். ஆனால் இரண்டு நாளில் மறுபடி பழைய கதை என்றால் ரவுட்டர் சூடாகிறதா என்று தொட்டுப் பாருங்கள். மேலே துணி போர்த்தியிருந்தாலோ செட்டாப் பாக்ஸ் மேல் அடுக்கியிருந்தாலோ முதலில் அதை மாற்றுங்கள்.

இரண்டு இடத்தில் வேகத்தை அளந்து பாருங்கள்

போன் பிரவுசரில் ஃபாஸ்ட் டாட் காம் தளத்தைத் திறங்கள். நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் இலவசத் தளம் இது. அவர்களுடைய வீடியோ சர்வர்களிலிருந்தே அளப்பதால் நம் வேலைக்குப் பொருத்தமானது. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டில் மற்றவர்கள் எதுவும் பார்க்காத நேரத்தில், முதலில் ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று மூன்று தடவை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு டிவிக்குப் பக்கத்தில் நின்று மூன்று தடவை. லேப்டாப்பை லேன் கேபிள் மூலம் நேராக ரவுட்டரில் செருகி அளக்க முடிந்தால் அதைவிட நம்பகமான அளவு வேறு இல்லை.

ரவுட்டர் பக்கத்தில் 90, டிவி பக்கத்தில் 6 என்று வந்தால் விடை கிடைத்துவிட்டது. கோளாறு வைஃபையில். கம்பெனிக்குப் போன் செய்யத் தேவையில்லை. இரண்டு இடத்திலும் 4, 5 என்றுதான் வருகிறது, கேபிளில் அளந்தாலும் அதேதான் என்றால் லைனைப் பார்க்க வேண்டும். இரண்டு இடத்திலும் நல்ல வேகம் வந்தும் டிவியில் மட்டும் சுற்றினால் டிவிதான் காரணம்.

அதே தளத்தில் கூடுதல் விவரத்தைத் திறந்தால் லேட்டன்சி, அதாவது பதில் வர ஆகும் நேரம், என்று இரண்டு எண்கள் வரும். லைன் சும்மா இருக்கும்போது ஒன்று, லைன் நிரம்பி ஓடும்போது ஒன்று. முதலாவது 10 மில்லிசெகண்ட், இரண்டாவது 300 என்று எகிறினால், லைன் நிரம்பும்போதெல்லாம் எல்லாமே வரிசையில் காத்து நிற்கிறது என்று பொருள். யாராவது அப்லோடை அடைத்தாலே லைன் அப்படி நிரம்பிவிடும். பெரும்பாலும் சிசிடிவி கேமரா கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும், அல்லது யாருடைய போனோ கல்யாணப் போட்டோக்களை எல்லாம் பேக்கப் எடுத்துக்கொண்டிருக்கும். வீடியோ நமக்கு வருகிறதுதானே, அப்லோடு அடைந்தால் என்ன என்று தோன்றலாம். வந்த துண்டு வந்துவிட்டது என்று நம் பக்கமிருந்து பதில் போனால்தான் மேற்கொண்டு வரும். அந்தப் பதில் வரிசையில் மாட்டினால் டவுன்லோடும் தள்ளாடும். பேக்கப்பை நள்ளிரவுக்கு மாற்றி வையுங்கள்.

யூடியூப் காட்டும் எண்கள்

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் தவறாமல் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். யூடியூபில் ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஓடும் வீடியோ மேல் வலது கிளிக் செய்தால் பட்டியலில் கடைசியில் வரும். டிவி ஆப்பில் வீடியோவின் செட்டிங்ஸ் சக்கரத்துக்குள் இருக்கும். திறந்தால் திரை மூலையில் நிறைய எண்கள் வரும். பயப்பட வேண்டாம், இரண்டை மட்டும் பாருங்கள்.

பஃபர் ஹெல்த் என்பது தொட்டியில் இன்னும் எத்தனை விநாடிக்குத் தண்ணீர் இருக்கிறது என்ற கணக்கு. அது 30, 40 என்று நிலையாக நின்றால் நெட் சரியாக வருகிறது. மெதுவாக இறங்கி 0 தொட்டு, உடனே வட்டம் சுற்றினால் நெட் வரத்து போதவில்லை. இன்னொன்று, டிராப்டு ஃபிரேம்ஸ். கருவியால் காட்ட முடியாமல் விட்டுப்போன படங்களின் எண்ணிக்கை அது. பஃபர் நிறைய இருந்தும் படம் வெட்டி வெட்டி ஓடுகிறது, டிராப்டு எண் ஏறிக்கொண்டே போகிறது என்றால் நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கருவிக்கு அந்தத் தரத்தை விரித்துக் காட்டும் சக்தி இல்லை. தரத்தை 1080பிக்கோ 720பிக்கோ இறக்கினால் உடனே சரியாகும். வெட்டி ஓடுவதையும் சுற்றி நிற்பதையும் ஒன்றாக நினைத்துத்தான் பலர் தேவையில்லாமல் திட்டத்தை மாற்றுகிறார்கள்.

வைஃபையைச் சரிசெய்தல்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும், பலனும் இங்கேதான் அதிகம்.

ரவுட்டர் இருக்கும் இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஃபைபர் போட வருகிறவர் வயர் நுழைகிற இடத்திலேயே, மீட்டர் பெட்டி பக்கமோ வாசல் மூலையிலோ பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். சிக்னலில் பாதி தெருவுக்குப் போகும். வீட்டு நடுவில், தலை உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வைப்பதுதான் சரி. பீரோவுக்குப் பின்னால், டிவிக்குப் பின்னால், மீன் தொட்டிக்குப் பக்கத்தில், கண்ணாடி பதித்த சுவருக்குப் பின்னால் வைக்கவே கூடாது. இரும்பும் கண்ணாடியின் பின்பூச்சும் சிக்னலைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் உறிஞ்சிவிடும். செங்கல் சுவரைக் கொஞ்சம் தாண்டும். கம்பி கட்டிய கான்கிரீட்டைத் தாண்டத் திணறும். மாடியில் நெட் வராததற்கு நடுவில் இருக்கும் தளம்தான் காரணம்.

அடுத்து, இரண்டு அலைவரிசைகள். இன்றைய ரவுட்டர்களில் பெரும்பாலானவை 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் இரண்டையும் தருகின்றன. 2.4 தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் வேகம் குறைவு, கூட்டம் அதிகம். ப்ளூடூத்தும் அதில்தான் ஓடுகிறது, மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. சமையலறையில் பால் சூடு பண்ணும்போதெல்லாம் ஹாலில் வீடியோ நிற்கிறது என்றால் அது பிரமை இல்லை. 5 வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். டிவி ரவுட்டர் இருக்கும் அறையிலோ அடுத்த அறையிலோ இருந்தால் அதை 5இல் போடுங்கள். பல ரவுட்டர்கள் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்திருக்கும், டிவி தன் இஷ்டத்துக்கு 2.4ஐப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அக்கா வீட்டில் நடந்தது இதுதான்.

பெயரைப் பிரிக்க ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போக வேண்டும். பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் திறக்கும். சரியான முகவரியும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும். வைஃபை பகுதியில் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு வேறு பெயர் கொடுத்து, டிவியில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே போனதும் கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றாதீர்கள். மாற்றுகிற ஒவ்வொன்றையும் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் பழையபடி வைப்பது சுலபம்.

5ஐப் பிடிக்காத பழைய டிவி என்றால் ரவுட்டரின் செட்டிங்ஸில் 2.4இன் வைஃபை சேனலை மாற்றிப் பார்க்கலாம். 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள்தான் ஒன்றோடொன்று மோதாதவை. அடுக்குமாடி வீட்டில் போனில் வைஃபை அனலைசர் ஆப் போட்டுப் பார்த்தால் அக்கம்பக்கத்துப் பெயர்கள் எல்லாம் எந்தச் சேனலில் குவிந்திருக்கின்றன என்று தெரியும். மூன்றில் காலியாக உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். 3, 4 என்று நடுவில் ஒன்றை எடுத்தால் இரண்டு பக்கமும் மோதும். அதே ஆப்பில் சிக்னல் பலம் மைனஸ் எண்ணாக வரும். டிவி பக்கத்தில் -50 என்றால் அருமை. -67 வரை வீடியோ நன்றாக ஓடும். -80 என்றால் எந்தச் சேனலும் உதவாது, இடத்தை மாற்றித்தான் ஆக வேண்டும்.

இத்தனையும் செய்து சலித்துப்போனால் ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள். டிவி நகர்வதில்லை, அதற்கு வைஃபை எதற்கு? கேட்5இ அல்லது கேட்6 லேன் கேபிள் 100 மீட்டர் வரை விநாடிக்கு 1 ஜிகாபிட் கொண்டுபோகும். கடையில் முழுச் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது மலிவாகக் கிடைக்கும், நீண்ட தூரத்துக்கு நம்ப முடியாது. கரண்ட் வயர் போகும் அதே குழாய்க்குள் இதை நுழைக்க வேண்டாம், ஆபத்து. தனியாகச் சுவரோரம் கொண்டுபோங்கள். கேபிள் போட்டபின் டிவியில் அளந்தால் 90 சொச்சத்தைத் தாண்டாமல் இருக்கலாம். பல ஸ்மார்ட் டிவிகளின் லேன் துளையே 100 எம்பிபிஎஸ்தான். 4கேவுக்கு அது தாராளம்.

தூரத்து அறைக்கு ரிப்பீட்டர் வாங்கலாமா என்று கேட்பார்கள். விலை குறைந்த ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகக் குறையும். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டர் இருந்தால் அதுவே மேல். அதற்குள் நுழைந்து முகவரியை 192.168.1.2 என மாற்றுங்கள். மெயின் ரவுட்டர் 192.168.0.1 என்றால் இதை 192.168.0.2 என வையுங்கள். கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலையை மெயின் ரவுட்டரே பார்த்துக்கொள்ளும் என்பதால் இதில் டிஹெச்சிபி என்ற அந்த வசதியை அணைத்து, வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து, மெயின் ரவுட்டரின் லேன் துளையிலிருந்து ஒரு கேபிளை இதன் லேன் துளையில் செருகுங்கள். வான் (WAN) என்று எழுதியிருக்கும், நெட் லைன் வருவதற்கான துளையில் செருகக் கூடாது. பின்னறையிலும் முழு வேகம் கிடைக்கும். செலவு அந்தக் கேபிள் மட்டும்தான்.

டிவியும் ஸ்டிக்கும்

ஸ்மார்ட் டிவி என்பது சின்ன நினைவகம் உள்ள ஒரு போன் மாதிரி. இடம் நிரம்பினால் ஆப்கள் திணறும். பயன்படுத்தாத ஆப்களை நீக்குங்கள், சுற்றுகிற ஆப் தற்காலிகமாகச் சேர்த்து வைத்திருக்கும் கேஷ் (cache) கோப்புகளை அழியுங்கள், ஆப்பையும் டிவியையும் அப்டேட் செய்யுங்கள். ரிமோட்டில் அணைப்பது பல டிவிகளில் தூங்க வைப்பது மட்டும்தான். வாரம் ஒரு முறை சுவரில் உள்ள சுவிட்சையே அணைத்துப் போடுங்கள்.

டிவியின் ஹெச்டிஎம்ஐ துளையில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயம் பாருங்கள். டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து கரண்ட் கொடுத்தால் போதாமல் ஸ்டிக் தடுமாறும். கூட வந்த அடாப்டரையே சுவரில் செருகுங்கள். டிவியின் முதுகில் நேராகச் செருகினால் சூடும் ஏறும், டிவியின் உலோகத் தகடு சிக்னலையும் மறைக்கும். பெட்டியில் சின்ன ஹெச்டிஎம்ஐ நீட்டிப்பு வயர் இருந்தால் அதில் மாட்டிக் கொஞ்சம் வெளியே தள்ளி வையுங்கள்.

நெட்டை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் விபிஎன் போட்டிருந்தால் அணைத்துவிட்டுப் பாருங்கள். டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்றோ 1.1.1.1 என்றோ மாற்றினால் வீடியோ பறக்கும் என்று பலரும் சொல்கிறார்கள். டிஎன்எஸ் என்பது வீடியோ இருக்கும் சர்வரின் முகவரியைத் தேடிக் கொடுப்பதோடு சரி, வீடியோ அதன் வழியாக வருவதில்லை. கம்பெனியின் டிஎன்எஸ் படுத்துவிட்டால் இது உதவும். மற்ற நேரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது.

நேரலை மட்டும் தனி

கிரிக்கெட் மேட்ச் சுற்றுகிறது, சினிமா நன்றாக ஓடுகிறது என்றால் குழம்ப வேண்டாம். சினிமாவில் அடுத்த ஒரு நிமிடத்தை முன்கூட்டியே இறக்கி வைக்கலாம். மேட்சில் அடுத்த பந்து இன்னும் போடப்படவே இல்லை. தொட்டியே சின்னது, அதனால் சிறு தடங்கலும் திரையில் தெரிந்துவிடும். 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். அந்த அளவு கூட்டத்தில் சர்வர் பக்கமே மூச்சு வாங்கலாம். நம்மால் முடிந்தது, தரத்தை ஆட்டோவில் விடாமல் ஒரு படி இறக்கி நிறுத்திவைப்பது.

கோளாறு லைனில்தான் என்றால்

கேபிளில் அளந்தும் வேகம் வரவில்லை என்றால் ஃபைபர் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ ஒளி சரியாக வரவில்லை. ஃபைபர் வயர் கதவிடுக்கில் நசுங்கியிருக்கிறதா, ஆணியில் சுருட்டி இறுக்கிக் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை, கூர்மையாக மடங்கினால் ஒளி கசிந்துவிடும். சுருளைத் தளர்த்தி அகலமாக விடுங்கள். பச்சை நிற முனையை நீங்களே கழற்றாதீர்கள், கழன்ற முனையை உற்றுப் பார்க்கவும் வேண்டாம். உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆப்டிகல் பவர் என்று ஒரு அளவு இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அது -27க்கும் கீழே, -28, -29 என்று இருந்தால் லைன் பலவீனமாக இருக்கிறது, டெக்னீஷியன் வந்துதான் ஆக வேண்டும்.

மாதக் கடைசியில் மட்டும் நெட் ஊர்ந்தால் உங்கள் டேட்டா அளவு தீர்ந்திருக்கலாம். அன்லிமிடெட் என்ற பெயரில் வரும் திட்டங்களுக்கும் எஃப்யூபி என்ற உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால் வேகத்தை இறக்கிவிடுவார்கள். எவ்வளவு ஓடியிருக்கிறது என்று கம்பெனியின் ஆப்பில் தெரியும். இரவில் மட்டும் குறைவதற்குக் காரணம் வேறு. நம் ஊரில் பரவலாக உள்ள ஜிபான் முறையில் ஒரே ஃபைபரின் சுமார் 2,500 எம்பிபிஎஸ் வேகத்தை 32 அல்லது 64 வீடுகள் வரை பகிர்ந்துகொள்கின்றன. அங்கிருந்து மேலே போகும் லைனும் போதாவிட்டால் எல்லோரும் பார்க்கும் நேரத்தில் திணறும்.

அப்போது புகார் செய்யுங்கள், ஆனால் ‘நெட் ஸ்லோவா இருக்கு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். மூன்று நாள், காலை 7 மணிக்கும் இரவு 9 மணிக்கும் கேபிளில் அளந்த எண்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கஸ்டமர் கேரில் “லேன் கேபிள்ல செக் பண்ணினேன், காலைல 95 வருது, ராத்திரி 6தான் வருது” என்று சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லும் முதல் பத்து நிமிடப் பேச்சு மிச்சமாகும். புகார் எண்ணை, டாக்கெட் நம்பர் என்பார்கள், கேட்டு வாங்கித் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். தீர்க்காமலேயே புகாரை மூடிவிட்டால், 2012இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த விதிகளின்படி அதே கம்பெனியில் உள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அங்கே முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.